வயிற்றில் பிள்ளை, வீட்டில் கொத்து வேலை: எதை முதலில் முடிப்பது, எதைத் தள்ளிப்போடுவது

பழைய வீட்டில் வேலையை ஆரம்பித்த பிறகு கர்ப்பம் தெரியவரும், இல்லையென்றால் குழந்தை வரப்போகிறது என்பதாலேயே வீட்டைச் சரிசெய்ய இறங்குவோம். எப்படி ஆரம்பித்தாலும், பிரசவத்துக்குள் வீடு முழுக்க முடிந்துவிட வேண்டும் என்று எல்லாரும் கணக்குப் போடத் தொடங்குவார்கள். அந்தக் கணக்கை முதலில் விடுங்கள். வீடு முழுக்க முடியாது, முடியவும் தேவையில்லை. தூசி கிளப்புகிற வேலையும் நெடி அடிக்கிற வேலையும் முடிந்திருக்க வேண்டும். அப்புறம் ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை, சமைக்க ஓர் இடம், இவற்றுக்கு நடுவே ராத்திரியில் தடுக்கி விழாமல் நடக்க ஒரு வழி. அவ்வளவுதான். அலமாரிக்குக் கதவு இல்லாத வீட்டில் குழந்தை நன்றாகவே வளரும், பழைய பெயிண்டைச் சுரண்டிய தூசி மூலைக்கு மூலை படிந்த வீட்டில்தான் சிக்கல்.

ஆகவே இந்த வழிகாட்டியில் வேலைகள் தூசியின் வரிசையில் வருகின்றன. அதிகத் தூசி முதலில், கண்ணுக்கு அழகானது கடைசியில்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கர்ப்பகாலம் 40 வாரம் என்பது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து போடும் கணக்கு. டாக்டர் குறித்துக் கொடுத்த அதே தேதியில் பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. 37 வாரம் முடிவதற்கு முன்பே பிறப்பவை உலக அளவில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. அதனால் உங்கள் கடைசித் தேதியை 34-வது வாரத்தில் வையுங்கள், மேஸ்திரியிடம் சொல்லும் தேதியை 30-வது வாரத்தில் வையுங்கள். ஒரு வாரம் முன்னே பின்னே ஆகும் என்று அவர் சொல்லும்போது அந்த 'முன்னே' வெறும் மரியாதைக்குச் சொல்வது என்பது வீட்டு வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

முதல் மூன்று மாதம் குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம். அம்மாவுக்குக் குமட்டலும் இருக்கும், பெயிண்ட் டப்பாவைத் திறந்தாலே வாந்தி வரும். இந்தச் சமயத்தில் இடிப்பு வேலை நடந்தே தீர வேண்டும் என்றால் அவர் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. நடு மூன்று மாதத்தில் பலருக்கு உடம்பு கொஞ்சம் தெம்பாகிவிடும். டைல்ஸ் பார்ப்பது, சுவிட்ச் எங்கெங்கே வர வேண்டும் என்று சுவரில் குறிப்பது, அலமாரி அளவு சொல்வது எல்லாவற்றையும் இந்தக் காலத்தில் முடித்துவிடுங்கள், பின்னால் உட்கார்ந்து யோசிக்கப் பொறுமை இருக்காது. கடைசி மூன்று மாதத்தைக் காயவிடவும், காற்றாட விடவும், துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் புதிதாக எதையும் உடைக்க விடாதீர்கள், "இந்தச் சுவரையும் கையோடு எடுத்துடலாமே" என்று யார் ஆசை காட்டினாலும்.

கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே இடிப்பு வேலை பாதி முடிந்திருந்தால்? பதற வேண்டாம், ஆனால் டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள். பழைய பெயிண்ட் தூசியில் இருந்திருக்கிறேன், ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்க வேண்டுமா என்று நேராகக் கேளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

உடைப்பதற்கு முன் பரிசோதனை

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். சுத்தியலை எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன, இவற்றில் முதல் இடம் ஈயத்துக்கு.

பழைய எண்ணெய்ப் பெயிண்டுகளில், முக்கியமாகக் கதவு, ஜன்னல், கிராதி, கைப்பிடிச் சுவர் போன்றவற்றுக்கு அடித்த பளபளப்பான பெயிண்டில், ஈயம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. சில நாடுகளில் 1970களிலேயே தடை வந்துவிட்டது, சில நாடுகளில் இன்னும் சட்டமே இல்லை, ஆகவே வீட்டின் வயதை மட்டும் வைத்துத் தைரியம் சொல்ல முடியாது. எங்கள் ஜன்னல் சட்டத்தின் ஓரத்தைக் கத்தியால் சாய்வாகச் சீவிப் பார்த்தோம். மேலே வெள்ளை, அதன் கீழே கிரீம், அதற்கும் கீழே கரும்பச்சை, கடைசியில் மரத்தோடு ஒட்டிய செங்காவி என்று ஒவ்வொரு தலைமுறை அடித்த பெயிண்டும் நகக்கனத்துக்குள் வரிசையாக நின்றது. மேல் அடுக்கு நேற்று அடித்ததாக இருக்கலாம், அதில் ஈயமே இல்லாமல் இருக்கலாம், ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது எல்லா அடுக்கும் சேர்ந்துதான் பொடியாகும். அதனால் சோதனைக்கு எடுக்கும் துணுக்கு மரம் தெரியும் ஆழம் வரை இருக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவது நல்லது. நிறம் மாறிக் காட்டும் பஞ்சுக்குச்சி வகைகள் கைக்கு வசதி, ஆனால் அவை 'இல்லை' என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். உலகச் சுகாதார நிறுவனம் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று ஓர் அளவைச் சொல்வதில்லை, ஏனென்றால் பாதுகாப்பான அளவு என ஒன்று தெரியவில்லை. வாய்வழியாகப் போகும் ஈயத்தில் பெரியவர் உடம்பு எடுத்துக்கொள்வதைப் போல நாலைந்து மடங்கு சின்னக் குழந்தையின் உடம்பு எடுத்துக்கொள்ளும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில்தான் வைக்கும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஈயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் எல்லாவற்றையும் சுரண்டியே ஆக வேண்டும் என்றில்லை. உரியாமல் உறுதியாக இருக்கும் பெயிண்டை அப்படியே விட்டு மேலே பூசி மூடிவிடலாம், அல்லது அந்தச் சட்டத்தையே முழுசாகக் கழற்றி வெளியே எடுத்துவிடலாம். ஆபத்து சுரண்டுவதிலும் தேய்ப்பதிலும்தான். தேய்த்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். நெருப்புக் காட்டிப் பெயிண்டை உரிக்க விடவே கூடாது, அதில் ஈயம் புகையாகவே கிளம்பும்.

அடுத்தது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். பழைய கூரைத் தகடு, சுடுநீர்க் குழாயைச் சுற்றியிருக்கும் பொதி, பழைய பிளாஸ்டிக் தரை ஓடு, அதன் அடியிலிருக்கும் பசை, சொரசொரப்பான கூரைப் பூச்சு ஆகியவற்றில் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, பரிசோதனைக் கூடம்தான் சொல்லும். அசையாமல் இருக்கும் வரை பெரிய தொந்தரவு இல்லை. உடைத்தால், அறுத்தால், துளைபோட்டால் இழைகள் காற்றில் கிளம்பி நுரையீரலில் தங்கிவிடும், நோய் பல பத்தாண்டு கழித்துத்தான் தலைகாட்டும். இதை எடுக்கப் பயிற்சி பெற்றவர்கள் வர வேண்டும், வீட்டுக்காரர் விடுமுறை நாளில் ஆணி பிடுங்கி இறக்குகிற வேலை இல்லை இது.

மூன்றாவது ஓதம். சுவரில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதன்மேல் பெயிண்ட் அடிப்பது காசைக் கரியாக்கும் வேலை. ஒரு முழம் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, அறையைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் அறைக்காற்றின் ஈரம். முதலாவதற்குக் கூரையையும் குழாயையும் அடித்தளத்தையும் பார்க்க வேண்டும், இரண்டாவதற்குக் காற்றோட்டம் போதும். பூஞ்சை பிடித்த பூச்சைக் கர்ப்பிணி சுரண்டவோ கழுவவோ வேண்டாம்.

எலி, வௌவால், புறா எச்சம் கிடக்கும் பரணை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. கிருமிநாசினி கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, கையுறையும் மாஸ்க்கும் போட்டு வழித்தெடுக்க வேண்டும். பூனை புழங்கும் தோட்டத்து மண்ணும் அப்படித்தான், அதிலிருந்து வரும் டாக்சோபிளாஸ்மா கிருமி கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கும்.

தூசியை எல்லை கட்டி நிறுத்துவது

வேலை நடக்கும் பகுதியையும் ஆட்கள் வாழும் பகுதியையும் பிரிக்காமல் "கதவைச் சாத்திக்கிறோம்" என்று சமாளிப்பவர்கள் அதிகம். கதவுக்கு அடியில் விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறது, தூசிக்கு அது ராஜபாட்டை.

கனமான பிளாஸ்டிக் தாள், 150 மைக்ரான் கனமாவது இருக்கட்டும், வாசலின் மேலிருந்து தரை வரை தொங்கவிட்டு நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்ட வேண்டும். போக வர நடுவில் நெடுக்காக ஒரு கிழிசல் விட்டு, அதன்மேல் இன்னொரு தாளைத் திரைபோல மேலே மட்டும் ஒட்டித் தொங்கவிடுங்கள். வேலை நடக்கும் அறையின் ஜன்னலில் ஒரு மின்விசிறியைக் காற்று வெளியே போகும்படி திருப்பி வையுங்கள். அப்போது வீட்டுக் காற்று வேலை அறைக்குள் போகுமே தவிர, அங்கிருக்கும் காற்று வீட்டுக்குள் வராது. திரை வேலை அறையின் பக்கமாக உப்பிக்கொண்டு நின்றால் சரியாக அமைந்திருக்கிறது என்று அர்த்தம், சும்மா தொங்கினால் எங்கேயோ ஓட்டை. பொதுக் குழாய்வழி ஏசி இருந்தால் அந்த அறையின் வாய்களை மூடிவிடுங்கள், இல்லையென்றால் ஒரே அறைத் தூசியை அதுவே எல்லா அறைக்கும் பங்கு வைத்துக் கொடுக்கும்.

டைல்ஸையும் கான்கிரீட்டையும் வெட்டுவது வெளியில் நடக்கட்டும், தண்ணீர் ஊற்றியபடி நடக்கட்டும். அந்த வெள்ளைத் தூளில் இருக்கும் நுண்ணிய சிலிக்கா வெட்டுகிறவர் நுரையீரலுக்கே கேடு. அவருக்கும் நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். வாயில் கட்டிய துண்டு பெரிய துகளை மட்டும் நிறுத்தும், அவ்வளவுதான்.

அப்புறம் உடுப்பு. வேலை இடத்தில் நின்ற அப்பா அதே சட்டையோடு வந்து மனைவி பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தால் மேலே சொன்ன பிளாஸ்டிக் எல்லாம் வீண். செருப்பும் உடுப்பும் வாசலிலேயே கழற்றப்பட வேண்டும், குளித்த பிறகுதான் உள்ளே. அந்தத் துணியைத் தனியாக அலசுங்கள், குழந்தைக்கு வாங்கிய துணியோடு ஒரே மெஷினில் போடாதீர்கள்.

துடைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வேலை நின்று குறைந்தது ஒரு மணி நேரம் தூசி அடங்கட்டும். மேலிருந்து கீழே வாருங்கள். துடைப்பம் வேண்டாம், அது அடங்கிய தூசியை மறுபடி எழுப்பிவிடும். சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்தூசியைப் பின்பக்கமாக வெளியே ஊதும். ஹெப்பா வடிகட்டி உள்ளதாக இருக்க வேண்டும், அது 0.3 மைக்ரான் துகளிலேயே 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். முதலில் ஹெப்பா வாக்குவம், பிறகு ஈரத்துணி, காய்ந்ததும் மறுபடி வாக்குவம். துணியை அலசும் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள். பகலில் பளிச்சென்று தெரிந்த தரையில் துடைத்த துணியின் வளைவு வளைவான கோடுகளும், சுவர் ஓரத்தில் மாவு தூவியது மாதிரி ஒரு வரியும் தெரியும். அந்த வரி போகும் வரை வேலை முடியவில்லை.

அம்மா எப்போது வீட்டை விட்டுப் போக வேண்டும்

தூசித்திரை போட்டால் போதும் என்கிற வேலைகள் உண்டு, ஆள் வேறிடத்தில் தங்கியே ஆக வேண்டிய வேலைகளும் உண்டு. ஈயப் பெயிண்டைத் தொடும் வேலை, கல்நார் எடுப்பது, கரையான் மருந்து அடிப்பது, எண்ணெய்ப் பெயிண்டும் வார்னிஷும் அடிப்பது, தரைக்குப் பாலிஷ் போடுவது, இருக்கிற ஒரே கழிவறையைக் கழற்றுவது. இந்த ஆறுக்கும் விவாதமே வேண்டாம். பெயிண்ட் உரிக்கும் ரசாயனங்கள் வீட்டுக்குள் வரவே வேண்டாம், மெதிலீன் குளோரைடு கலந்தவை மூடிய அறையில் ஆளையே கொன்றிருக்கின்றன.

பகலில் வெளியே போய்விட்டு ராத்திரி அதே வீட்டில் வந்து படுப்பது கணக்கில் சேராது. துடைத்து, காற்றாட விட்டு, பிறகுதான் திரும்ப வேண்டும். நெடி போய்விட்டது என்பதும் ஆவி முழுக்கப் போய்விட்டது என்பதும் ஒன்றில்லை. தண்ணீரில் கரையும், ஆவி குறைந்த பெயிண்டாக வாங்குங்கள், ஆனால் 'குறைந்த' என்றால் 'இல்லவே இல்லை' ஆகாது.

பாதுகாப்பாகத் தங்க இடமே இல்லாத குடும்பம் என்ன செய்யும்? மேலே உள்ள வேலைகளைக் குழந்தை பிறந்து வேறெங்காவது போய்த் தங்கும் வசதி வரும் வரை தள்ளிப்போடலாம். உரியும் பெயிண்டின் மேல் தற்காலிகமாகத் தாள் ஒட்டி மூடி வைப்பதும் ஒரு வழிதான். பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை.

உடம்பு

ஏணி வேண்டாம், ஸ்டூல்கூட வேண்டாம். வயிறு முன்னால் வரவர உடம்பின் சமநிலைப் புள்ளி நகர்கிறது, மூட்டுகளும் தளர்கின்றன, போன மாதம் சரளமாக ஏறிய படியில் இந்த மாதம் கால் தவறும். விழுந்தால் வலியில்லை என்றாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். ரத்தப்போக்கு, நீர் கசிவு, விடாத தலைவலி, குழந்தையின் அசைவு குறைவது ஆகிய எதையும் "வேலை அலைச்சல்" என்று எழுதி முடித்துவிடாதீர்கள்.

சத்தத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஐந்தாம் மாதத்தை ஒட்டிக் குழந்தையின் காது பெரும்பாலும் உருவாகிவிடுகிறது, அதன் பிறகு சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது. அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் அம்மா காதுக்கு மட்டும்தான் பாதுகாப்பு, வயிற்றுக்குள் போகும் அதிர்வை அது தடுக்காது. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கான்கிரீட் உடைக்கும் இயந்திரம் ஓடும் நாட்களில் வேறு இடத்துக்குப் போய்விடுங்கள்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னலுக்குப் பக்கத்திலோ ஓட விடாதீர்கள். அடைபட்ட புகைபோக்கியும் அப்படித்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, குழந்தையின் ரத்தம் அதை அம்மாவின் ரத்தத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கையறைக்கு வெளியே மாட்டிவிடுங்கள்.

என்95 மாஸ்க்கைக் கர்ப்பிணி தாராளமாகப் போடலாம். ஆனால் அது தற்செயலாகக் கடந்துபோகிற நேரத்துக்கு, வேலை அறையில் நின்று மேற்பார்வை பார்ப்பதற்கு இல்லை. கால்சியமும் இரும்புச்சத்தும் போதுமான அளவு இருந்தால் உடம்பு ஈயத்தை எடுத்துக்கொள்வது குறையும், டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாமல் போடுவதற்கு இது இன்னொரு காரணம்.

முதலில் முடிக்க வேண்டிய அறை எது

குழந்தைக்கென்று தனி அறை, சுவரில் மேகமும் யானையும். என் கருத்தில் அது கடைசி வேலை. குழந்தை குறைந்தது முதல் ஆறு மாதம் பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்குவது நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் வெளியிட்ட பரிந்துரையிலும் சொல்கிறது. ஆகவே முடிக்க வேண்டியது உங்கள் படுக்கையறை.

அந்த அறையில் வரிசை இப்படிப் போகட்டும்: இடிப்பு, கூரைக் கசிவு, சுவரை வெட்டிப் பதிக்கும் ஒயரிங்கும் குழாயும், பூச்சு, தரை, பெயிண்ட், கடைசியில் மரச்சாமான். சிமெண்ட் பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் விட வேண்டும், அதற்கு மேல் பெயிண்டுக்கு முன் நாலு வாரமாவது காயவிட வேண்டும். இந்த நாலு வாரத்தை யாரும் காலண்டரில் எழுதுவதில்லை, எழுதாததால்தான் ஈரச்சுவரில் அடித்த பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக வருகிறது. மரத்தூள் பலகையில் செய்த புது அலமாரியும் தொட்டிலும் பார்மால்டிஹைடு என்ற கெடுதலான ஆவியை விடும், முதல் சில வாரம் அதிகம். பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கி, கதவையும் இழுப்பறையையும் திறந்து போட்டு வையுங்கள்.

பரம்பரைத் தொட்டில் ஒன்று பரணிலிருந்து கட்டாயம் இறங்கும். அதன் பெயிண்டையும் சோதியுங்கள், கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. மெத்தை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும், தலையணை பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம், குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

ஒயரிங்கில் மூன்று விஷயம் கேளுங்கள். எர்த் ஒழுங்காக இருக்கிறதா, மின்கசிவு வந்தால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கருவி மெயின் பெட்டியில் இருக்கிறதா, கட்டிலுக்கு இரண்டு பக்கமும் பிளக் இருக்கிறதா. மூன்றாவது சின்ன விஷயமாகத் தெரியும், நடுராத்திரி பால் கொடுக்கும்போது எக்ஸ்டென்ஷன் ஒயரில் கால் சிக்கும் வரை. பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள், பின்னால் ஆணி அடிக்கும்போது ஒயர் எங்கே போகிறது என்று தெரியும்.

குழாய் வேலை முடிந்ததும் குழாய் வாயில் திருகியிருக்கும் சின்னச் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள், வேலையில் கழன்ற துணுக்கெல்லாம் அங்கேதான் வந்து சேரும். பழைய வீட்டில் ஈயக் குழாயோ ஈயப் பற்றவைப்போ இருந்தால் தண்ணீரையும் பரிசோதிக்க வேண்டும். காய்ச்சினால் ஈயம் போகாது, தண்ணீர் ஆவியாகிப் போவதால் செறிவு கூடத்தான் செய்யும். சமைக்கவும் பால்மாவு கலக்கவும் குளிர்ந்த நீர்க் குழாயிலிருந்தே பிடியுங்கள், சுடுநீரில் ஈயம் அதிகம் கரையும். சுடுநீர்க் கொதிகலனை 49 டிகிரிக்கு மேல் போகாமல் திருகி வையுங்கள்.

குளியலறை வழுக்காத தரை, பிடித்து எழ ஒரு கைப்பிடி, உள்ளிருந்து பூட்டினாலும் வெளியிலிருந்து திறக்க முடிகிற தாழ்ப்பாள், இந்த மூன்றும் இருந்தால் போதும். சிசேரியன் ஆனால் படி ஏறுவதும் கனம் தூக்குவதும் சில வாரம் முடியாது, ஆகவே படுக்கையும் கழிவறையும் ஒரே தளத்தில் இருக்கட்டும். அப்புறம் வாசல். மணலும் ஜல்லியும் கேட்டை மறித்துக் கொட்டிக் கிடந்தால் நடுராத்திரி வண்டி எடுக்க முடியாது. 34-வது வாரத்துக்குப் பிறகு வாசலில் லோடு இறக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சண்டை, காசு, மூத்த பிள்ளை

முடிவு எடுக்க இரண்டு பேர் இருக்கலாம், மேஸ்திரியிடம் பேச ஒருத்தர்தான். காலையில் மனைவி ஒன்று சொல்லி, மத்தியானம் மாமனார் வேறொன்று சொல்லி, சாயங்காலம் கணவர் வந்து "யார் இப்படி வைக்கச் சொன்னது" என்று கேட்டால், உடைத்துத் திரும்பக் கட்டும் கூலி உங்களுடையது. பெரியவர்களுக்கு யோசனை சொல்ல உரிமை உண்டு, அதை வீட்டில் சொல்லட்டும், வேலையிடத்தில் வேண்டாம். நேரடியாகச் சொல்லச் சங்கடமாக இருந்தால் அவரவர் பிள்ளையே அவரவர் பெற்றோரிடம் பேசுவது உத்தமம். மருமகள் வாயால் வந்தால் சிமெண்ட் பிரச்சினை குடும்பப் பிரச்சினை ஆகிவிடும்.

டைல்ஸ் நிறத்துக்காக வரும் சண்டை பெரும்பாலும் டைல்ஸைப் பற்றியது இல்லை. தூக்கமின்மை, காசுக் கவலை, பிரசவப் பயம் எல்லாம் சேர்ந்து அந்தச் சாம்பல் நிறச் சதுரத்தின்மேல் இறங்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீட்டு வேலையைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம், வாரத்தில் ஒரு நாள் சுத்தியல் சத்தமே இல்லாத நாளாகவும். மேஸ்திரிக்கு வேலை கெடும் என்றாலும் பரவாயில்லை.

பழைய வீட்டில் சுவரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மதிப்பிட்ட தொகைக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் தனியாக வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், பிரசவச் செலவுக்கான காசை இதோடு கலக்கவே கூடாது, முடிந்தால் வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். கூலியைத் தேதி பார்த்துக் கொடுக்காமல் வேலை முடிந்த கட்டத்துக்குக் கொடுங்கள், கடைசிப் பத்து சதவீதத்தைச் சின்னச் சின்னக் குறைகள் தீரும் வரை கையில் வைத்திருங்கள்.

சமையலறையைக் கழற்றும் முன் தற்காலிக அடுப்படி தயாராக இருக்க வேண்டும்: தண்ணீர் வரும் ஓர் இடம், கழுவிய பாத்திரம் கவிழ்க்க ஒரு மேஜை, மூடி போட்ட டப்பாக்கள். அது வேலை நடக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சமையலறையையும் குளியலறையையும் ஒரே சமயத்தில் கழற்றினால் மூன்றாம் நாளே வீட்டில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

மூத்த பிள்ளை இருந்தால் அவனுடைய கட்டில், பொம்மைப் பெட்டி, தூங்கும் நேரம் இவற்றை மட்டும் நகர்த்தாதீர்கள். வீடும் மாறி, அம்மா மடியும் மாறி, கட்டிலும் மாறினால் அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. ஆணியும் கண்ணாடித் துண்டும் கிடக்கும் இடத்துக்கு அவன் போகாமல் கயிறு கட்டுவதைவிட, சாயங்காலம் அப்பாவோடு வெளியே நின்று பார்க்க நேரம் ஒதுக்கினால் ஆசையும் தீரும்.

பிறந்த பிறகு

குழந்தை வந்த பிறகு செய்யக்கூடிய வேலைகள் சத்தமும் நெடியும் தூசியும் இல்லாதவை: திரைச்சீலை, கைப்பிடி, விளக்கு மாற்றுவது, வெளிமதில், தோட்டம். அடுத்த கெடு குழந்தை தவழத் தொடங்கும் நாள், பெரும்பாலும் ஏழிலிருந்து பத்து மாதத்துக்குள். அதற்குள் மாடிப்படிக்கு மேலும் கீழும் தடுப்புக் கதவு, 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாத கைப்பிடிக் கம்பி, சுவரோடு திருகிய அலமாரி, கைக்கெட்டாமல் சுருட்டிக் கட்டிய ஜன்னல் திரைக் கயிறு, மூடிபோட்ட பிளக். வீட்டில் மிஞ்சிய பெயிண்ட், தின்னர், பசை எல்லாவற்றையும் பூட்டுகிற இடத்துக்கு மாற்றுங்கள், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த தின்னர் இருந்தால் அன்றைக்கே அகற்றுங்கள்.

மீதி அறைகளில் உடைப்பு வேலை மறுபடி தொடங்குமானால் அம்மாவும் குழந்தையும் மறுபடி வேறிடம் போக வேண்டும், துடைக்கும் முறையும் அதே மூன்று சுற்றுதான். ஜன்னல் விளிம்புகளை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள், ஜன்னலைத் திறந்து மூடும் உராய்விலேயே பழைய பெயிண்ட் உதிரும். அந்த வீட்டில் ஈயம் இருந்தது என்று தெரிந்திருந்தால் குழந்தைக்கு ஒரு வயதை ஒட்டி ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், போகும்போது பெயிண்ட் பரிசோதனை அறிக்கையையும் கையோடு எடுத்துப் போங்கள்.